நடுக்கம்பி

கண்ணாடியின் வலது கால் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. மகள் அதை இரண்டு விரலால் பிடித்து உள்ளே அழுத்தப் போனவள், அப்படியே கையை நிறுத்திக்கொண்டாள்.

"என்னடி அதையே பாத்துட்டிருக்க? மாட்டி விடு. கண்ணாடி இல்லாம உங்கப்பன் மூஞ்சி யாரோ மூணாவது மனுஷன் மூஞ்சியா இருக்கு" என்றாள் அத்தை.

கூடத்தில் கட்டிலை இழுத்துப் போட்டு அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வாடகை நாற்காலிகள் வாசல்வரை வந்துவிட்டன. வண்டி மத்தியானம் வரும். நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு பாலிதீன் பையைக் கையில் கொடுத்தார்கள். கைக்குட்டை, கயிறு கட்டிய விசில், அதே கயிற்றில் பூங்காவின் சாவி, இந்தக் கண்ணாடி. எழுபது வயசுவரை ஊரை மிரட்டிய மனிதர் விட்டுப்போனது அவ்வளவுதான்.

மகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, அவளும் கண்ணாடி போட்டவள்தான். சட்டம் வளைந்து வந்தால் நிமிர்த்திக் கொடுப்பது அவள்தான். வளைவைப் பார்த்தே என்ன நடந்தது என்று சொல்லிவிடுவாள். மேலே உட்கார்ந்துவிட்டால் மூக்குப் பாலம் விரியும். குழந்தை பிடித்து இழுத்தால் இரண்டு காலும் ஆடும். ஒரு கால் மட்டும் இப்படி வெளியே பிதுங்கி, அந்தப் பக்கத்து மூக்குத் தாங்கி நசுங்கியிருந்தால், ஆள் கண்ணாடியோடு ஒருக்களித்துப் படுத்திருக்கிறார் என்று அர்த்தம். 'எப்படி வளைஞ்சுதுன்னே தெரியலம்மா' என்று கூசாமல் சொல்லுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டு நிமிர்த்துவாள்.

ஆனால் அப்பா படுக்கவில்லை. பூங்கா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே செத்துப்போனார் என்றுதான் நேற்றிலிருந்து வருகிறவர், போகிறவர் எல்லாரும் சொல்கிறார்கள். சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாராம். படுத்திருக்கவும் முடியாது. அந்தப் பெஞ்சுகளில் எவனும் படுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றின் நடுவிலும் இரும்புக் கம்பியை வளைத்து வெல்டிங் வைக்கச் சொன்னதே அப்பாதானே.

அப்புறம் இது எப்படி வளைந்தது?

டாக்டர் வேறு ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருந்தார். "வலி வந்ததும் படுத்திருந்தா யாராவது பாத்து ஓடி வந்திருப்பாங்கம்மா. உட்கார்ந்தே இருந்ததால யாருக்கும் தெரியல." நல்ல மனுஷன், ஆறுதலுக்குத்தான் சொன்னார். அது நேற்றிலிருந்து அவள் காதிலேயே நிற்கிறது. கடைசி நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று தெரிந்தாக வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை, அழுகைகூட.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. ஷூ சத்தம் கேட்டது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "வந்துட்டாங்கடி உங்கப்பனோட சேனை" என்றாள்.

அப்பா தலைவராக இருந்த குடியிருப்போர் சங்கம் வந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் நடைப்பயிற்சிக் கோலத்தில். துண்டு தோளில், தண்ணீர் பாட்டில் கையில், வேர்வை நெற்றியில். அவர்களை நடத்தி வந்தவர் சங்கத்தின் துணைத் தலைவர். தெருவில் அவரைத் 'துணை' என்றுதான் சொல்வார்கள். பதினைந்து வருஷமாகத் துணையாகவே இருந்து இருந்து, தலைவர் பதவிக்கு ஏங்கி ஏங்கி, மனிதருக்குக் கழுத்தே கொஞ்சம் முன்னால் நீண்டுவிட்டது.

"ஒரு ரவுண்டு போட்டுட்டு அப்படியே வந்தோம்மா. சார் இருந்திருந்தா அதைத்தான் விரும்பியிருப்பார்" என்றார் துணை.

அவளுக்கு உடம்பு எரிந்தது. செத்தவருக்கு மாலை வாங்கப் போகிற வழியில் கலோரி குறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். போகட்டும், காலமே இப்படி என்று அத்தை கண்ணால் ஜாடை காட்டினாள். அவள் கண்ணாடியைக் கைக்குள் மூடிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

துணை கட்டிலின் தலைமாட்டில் நின்று தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, நம்ம பூங்காவோட வரலாறும் சாரோட வரலாறும் வேற வேற இல்ல. சாருக்கு முன்னாடி அது என்ன? குப்பைமேடு!"

"காடு சார், காடு" என்று ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது.

"காடாம். இவன் பாத்தான்" என்று அத்தை முந்தானைக்குள் முணுமுணுத்தாள். "நான் இந்தத் தெருவுக்கு வந்த அன்னிக்கே அங்க பிள்ளைங்க பந்து விளையாடிட்டிருந்துச்சு."

அத்தை சொன்னதுதான் நிஜம். மூன்று தெருவையும் மூன்று பேர் தனித்தனியாக மனை பிரித்து விற்றார்கள். அவனவன் தன் கணக்குக்கு அளந்து முடித்ததில், நடுவே முக்கோணமாக ஒரு துண்டு எவனுக்கும் உதவாமல் தப்பி நின்றது. முதலில் அங்கே உடைத்த வீட்டுக் கல்லும் மண்ணும் கொட்டினார்கள். அப்புறம் வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் கல்லை ஓரம் தள்ளி வண்டி நிறுத்தினார்கள். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் இரண்டு மரம் தானாகவே முளைத்து வளர்ந்து நிழல் கொடுத்தது. நிழல் வந்ததும் ஆள் வந்தது. ஓட்டுநர்கள் சீட்டாடினார்கள், பிள்ளைகள் பந்தடித்தார்கள், வெல்டிங் பட்டறைக்காரர்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் துண்டை விரித்துப் படுத்தார்கள். அவளும் அங்கேதான் சைக்கிள் கற்றுக்கொண்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள்.

"சார் வந்தார். வேலி வந்தது" என்றார் துணை.

வேலி வந்தது, உண்மை. அலுவலகத்தில் பத்துப் பேருக்குக் கீழே உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வந்த மனிதருக்கு, தலையாட்டவைக்க ஓர் இடம் கிடைத்தது. வேலிக்கு அப்புறம் கதவு, கதவுக்கு அப்புறம் பூட்டு, பூட்டுக்கு அப்புறம் பலகை. சீட்டு ஆடக் கூடாது. ஓட்டுநர்கள் போனார்கள். பந்து விளையாடக் கூடாது. பிள்ளைகள் போயின. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. அடுத்த தெருக்காரன்கூட வெளியாளானான். புல்லை மிதிக்காதீர் என்ற பலகையை நடுவதற்காக மிதித்ததிலேயே புல் செத்துப்போனது, பலகை மட்டும் இன்னும் நிற்கிறது. அந்தப் பூங்காவின் வரலாறு யாருக்காவது வேண்டுமானால் பலகைகளை வரிசையாகப் படித்தால் போதும், துணையின் பேச்சு வேண்டாம்.

இதில் ஒரு பலகை அவளுக்காகவே வந்தது. கடையில் சேர்ந்த புதிதில், அங்கே லென்ஸ் அறுக்கிற பையன் ஒருவனோடு ஒரு சாயங்காலம் அந்தப் பூங்காவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டுதான் இருந்தாள், வேறு ஒன்றும் இல்லை. கதவருகே அப்பா நின்று பார்த்தார். இரவு சாப்பிடும்போது திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் உப்பை எடு என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை கதவில் புதுப் பெயின்ட் காயாமல் ஒரு பலகை: ஜோடியாக அமரக் கூடாது. அந்தப் பையன் அதைப் பார்த்து முதலில் சிரித்தான். அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. கொஞ்ச நாளில் வேறு கடைக்குப் போய், வேறு யாரையோ கல்யாணம் செய்துகொண்டான். வீட்டில் ஒரு வார்த்தை வாய்விட்டுக் கேட்கத் துப்பில்லாத மனிதர், மகளுக்கும் ஊருக்கும் சேர்த்து ஒரே பலகையில் பதில் சொன்னார். அவர் அவளிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அவளும் அதற்கப்புறம் அவரிடம் சோறு, மருந்து, கரண்ட் பில் தவிர எதுவும் பேசவில்லை. அப்படியே இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் வயசாகிப்போனார்கள்.

"கடைசியா, ஆர்ம் ரெஸ்ட்!" துணையின் குரல் ஏறியது. "வயசானவங்க கை வெச்சு எழுந்திரிக்க வசதியா, ஒவ்வொரு பெஞ்சுலயும் நடுவுல ஆர்ம் ரெஸ்ட் வெச்சது யாரு? சார்!"

எல்லாரும் தலையாட்டினார்கள். மத்தியானத்தில் எவனாவது நீட்டிப் படுத்துவிடுவானோ என்று பயந்து வைத்த கம்பிக்கு இப்படியும் ஒரு பெயர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டில் மகள் சிரித்தால் ஊர் என்ன சொல்லும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பேச்சு முடிந்ததும் துணை நேராக அவளிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, நேரம் சரியில்லதான். இருந்தாலும் சொல்லிடறேன். சார் கடைசியா உட்கார்ந்த பெஞ்சுலயே ஒரு கல்வெட்டு வெக்கலாம்னு சங்கத்துல முடிவு பண்ணிருக்கோம். 'பணியிலேயே அமர்ந்தார்'னு வாசகம்கூட நானே யோசிச்சுட்டேன்."

"ம்."

"இன்னொரு சின்ன விஷயம். அந்த விசிலும் சாவியும்... உங்ககிட்டதானே இருக்கு? நேத்துலேர்ந்து பூங்கா திறந்தே கிடக்கும்மா. கண்டவனும் உள்ள போறான், வரான்."

எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம். அப்பாவின் உடம்பு இன்னும் வாசலைத் தாண்டவில்லை. துணையின் கண் அவள் இடுப்பில் செருகியிருந்த கயிற்றின் மேலேயே இருந்தது.

"தரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்" என்றாள். கேட்கும்போதே குரல் பெரிதாகிவிட்டது. "நேத்து காலையில அவரைப் பாத்தவங்க யார் யாரு?"

எல்லாரும் பார்த்திருந்தார்கள். பார்க்காதவர் யாருமே இல்லை. சுற்றிச் சுற்றி நடக்கிற இடம், ஒவ்வொரு சுற்றிலும் பார்த்திருந்தார்கள்.

"நான் குட் மார்னிங் சொன்னேனே" என்றார் ஒருவர்.

"அவர் பதில் சொன்னாரா?"

"சார் என்னிக்கும்மா பதில் சொல்லிருக்கார்?" என்று அவர் சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தும் விட்டார்கள்.

அது பொய்யில்லை. வணக்கத்துக்குப் பதில் சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்பது அப்பாவின் கொள்கை. உயிரோடு இருந்தபோதும் அப்படியே, செத்த பிறகும் அப்படியே. ஊராருக்கு வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

"எட்டு மணிக்கு விசில் ஊதலையே? தினம் ஊதி உங்களை வெளிய தள்ளுவாரே. அப்பக்கூட யாருக்கும் தோணலையா?"

தண்ணீர் பாட்டிலை ஒருவர் திறந்தார், குடிக்காமல் மூடினார். கடைசியில் ஓர் அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நாங்க... சாருக்கு இன்னிக்கு நல்ல மூடு போலன்னு... இன்னும் ரெண்டு ரவுண்டு போனோம்."

அடப் பாவிகளா. கிடைத்தவரை லாபம் என்று பிணத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு கூடுதலாக நடந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் காறித் துப்பலாமா என்று இருந்தது அவளுக்கு. யாரோ கிளம்புகிறபோது தற்செயலாக அவர் தோளைத் தொட்டிருக்கிறார்கள், அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

"போய் வெளிய உட்காருங்க. காப்பி வருது" என்றாள். அவள் சொன்ன விதத்தில் எல்லாரும் எழுந்து போனார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. 'ரிவர்ஸ்' என்று அவருக்குப் பெயர். முட்டிவலிக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்று வருஷக்கணக்காகப் பின்பக்கமாகவே நடக்கிற மனிதர். பூங்காவில் எல்லாரும் முன்னால் போகும்போது அவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு எதிலும் இடிக்காமல் போவார். வேலிக்கு வெளியே பிள்ளைகள் அதே மாதிரி நடந்துகாட்டும். அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, அவள் கையிலிருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளைஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

அவர் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். உள்ளங்கையால் முட்டியைத் தேய்த்தார்.

"மத்தவங்களுக்கு அவரைத் தாண்டினா அவ்வளவுதான்மா, முதுகுப்பக்கம் போயிடுவாரு. நான் தாண்டின பிறகுதான் பாக்கவே ஆரம்பிப்பேன். அந்த வளைவு வரைக்கும் அவர் மூஞ்சிதான் எனக்கு எதிர்ல."

"என்ன பாத்தீங்க?"

"காலைத் தூக்கி பெஞ்சு மேல வெச்சாரு. சாஞ்சாரு. கம்பி விலாவுல இடிச்சுது. எந்திரிச்சாரு. கம்பிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, அங்கேருந்து சாஞ்சு பாத்தாரு. அங்கயும் அதே கம்பிதானே. திரும்ப இந்தப் பக்கம் வந்துட்டாரு. அப்புறம் கம்பி மேலயே கன்னத்தை வெச்சுகிட்டாரு. வலது கன்னம். ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சு ஆட்டினாரு."

அவள் கண்ணாடியின் வலது காலைத் திருப்பிப் பார்த்தாள்.

"தினமும் ஆட்டுவாரேம்மா!" ரிவர்ஸின் குரல் உடைந்தது. "எவனாவது ராத்திரி பேத்துட்டானான்னு ஒவ்வொரு பெஞ்சுலயும் கம்பியை ஆட்டிப் பாத்துட்டுத்தானே உட்காருவாரு. அதைத்தான் பண்றாருன்னு நெனச்சேன். நடந்துகிட்டே நான் சத்தமாக் கேட்டேன், 'கெட்டியா இருக்கா சார்?'னு."

"என்ன சொன்னாரு?"

"தலையை ஆட்டினாரு."

வெளியே காகிதக் கோப்பைகளைக் கேட்டு யாரோ சத்தம் போட்டார்கள்.

"கெட்டியா இருக்குன்னு சொல்றாருன்னு நெனச்சேன்மா. அடுத்த சுத்துல வரும்போது கம்பிக்குள்ள கை மாட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாரு. சரி, சோதனை முடிஞ்சுதுன்னு போயிட்டேன்."

அவரைத் திட்டவேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். கண் அவிஞ்சு போச்சா என்று கேட்க வந்தாள். ஆனால் அவள் அங்கே இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள். மகளாயிருந்தும், இத்தனை வருஷம் சோறு போட்டும், அதேதான் நினைத்திருப்பாள். அது தெரிந்ததும் அப்பாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செத்தும் கெடுத்தார் மனிதர். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கக் கூடாதா? கழுத்தில் விசில் தொங்கியதே, அதையாவது ஊதியிருக்கக் கூடாதா? ஊதியிருந்தால் மட்டும் என்ன? மணியாகிவிட்டது என்று இந்தக் கூட்டம் ஒழுங்காக வெளியே போயிருக்கும்.

வண்டி வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவள் கட்டிலருகே போய், வளைந்த கண்ணாடியை அப்படியே அப்பாவின் முகத்தில் மாட்டினாள். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது.

"கோணலா இருக்கேடி. ஊரான் கண்ணாடியெல்லாம் நிமிர்த்தறவ, உங்கப்பனோடத நிமிர்த்த மாட்டியா?" என்றாள் அத்தை.

"இருக்கட்டும் அத்தை."

அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, எதிர்ச் சுவரோரம் பட்டறைக்காரர் தனியாக நின்றுகொண்டிருந்தார். பெஞ்சுகளுக்கு வெல்டிங் வைத்தவர் அவர்தான். மாலை எதுவும் கொண்டு வரவில்லை. கரி படிந்த கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் அவரருகே போனாள்.

"உள்ள வரலையா?"

"ஐயா இருந்த வரைக்கும் என்னை வாசப்படி ஏத்தினதில்லம்மா. இப்ப ஏறினா ஐயாவுக்குப் பிடிக்குமோ என்னமோ." அவர் சொன்னதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. "மத்தியானம் அந்தப் பெஞ்சுலதான் தூங்குவேன். என் கையாலயே கம்பி வெக்கச் சொன்னாரு. வெச்சேன். தொழிலாச்சே."

"அறுக்க முடியுமா?"

அவர் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வெக்கத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. அறுக்க என்ன, வெத்தல போடற நேரம்."

"சாயங்காலம் வாங்க."

எல்லாம் முடிந்து அவளும் அத்தையும் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராகப் பூங்காவுக்கு நடந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சங்கம் சுற்றிக்கொண்டிருந்தது. சாவுக்கு லீவு விடலாம், சர்க்கரைக்கு லீவு விட முடியுமா? அவளைக் கண்டதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடையைக் கொஞ்சம் குறைத்தார்கள், நிறுத்தவில்லை.

பட்டறைக்காரர் வேலிமேல் வயரை இழுத்துப் போட்டு, அறுக்கிற மிஷினோடு அப்பாவின் பெஞ்சருகே குந்தியிருந்தார். துணை அவர் தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு கைய வெக்கற? இது சங்கத்துச் சொத்து! அம்மா, நீங்களே பாருங்க, சார் போய் ரெண்டு நாள் ஆகல..."

அவள் பெஞ்சில், அப்பா உட்கார்ந்த பாதியில் உட்கார்ந்தாள். வலது விலாவில் கம்பி இடித்தது. இடுப்பிலிருந்து கயிற்றை உருவி விசிலை எடுத்தாள். அதன் வாய்ப்பக்கத்தில் அப்பாவின் பல் பட்டுப் பட்டுத் தேய்ந்த தடம் இருந்தது. துடைக்காமல் வாயில் வைத்து, மூச்சு உள்ளவரை ஊதினாள்.

நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் நின்றார்கள். ஒரு நொடிதான். அப்புறம் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு, வரிசையாகக் கதவை நோக்கிப் போனார்கள். துணைகூடக் கத்திக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டு, கால் பழக்கத்தில் கதவுப்பக்கம் நாலடி வைத்துவிட்டார். வைத்த பிறகு திரும்பி வரக் கூச்சமாயிருந்திருக்கும், அப்படியே போய்விட்டார்.

அவள் இன்னொரு முறை ஊதினாள். முதல் தடவையைவிட நீளமாக, சத்தம் நடுங்கும்வரை ஊதினாள். அவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள். ஒருவர்கூட அவளை நோக்கி வரவில்லை. ரிவர்ஸ் மட்டும் பின்பக்கமாக நடந்தபடி, அவளையே பார்த்துக்கொண்டு வெளியேறினார்.

"அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்க" என்றாள் அத்தை. அவள் கண் கலங்கியிருந்தது.

மகள் எழுந்து நின்றாள். பட்டறைக்காரர் மிஷினைப் போட்டார். பொறி பறந்தது. வேலிக்கு வெளியே கம்பிகளுக்கு நடுவே முகங்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. கம்பி தரையில் விழுந்து ஒரு தடவை உருண்டு நின்றது.

"இதை எங்க போடட்டும்?"

"நீங்களே எடுத்துக்குங்க. கதவுப் பூட்டையும் எடுத்துக்குங்க."

அவர் அறுத்த இடத்தில் தண்ணீர் ஊற்றினார், உஸ்ஸென்றது. தன் துண்டை நனைத்து நாலாக மடித்து அதன்மேல் போட்டார். "சூடு இருக்கும். கொஞ்சம் பொறுத்து உட்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றினாள். பெஞ்சின் இரும்புச் சட்டங்கள்மேல் ஒருக்களித்துப் படுத்து, காலை நீட்டினாள். பெஞ்சின் நீளம் அவளுக்குச் சரியாக இருந்தது. அப்பா அவளைவிட உயரம், அவருக்குக் கொஞ்சம் முட்டியை மடக்கவேண்டி வந்திருக்கும்.

"ஏன்டி, கண்ணாடியைக் கழட்டிட்டுப் படு. உனக்குத் தெரியாததா?" என்றாள் அத்தை.

அவள் கழற்றவில்லை. வலது கன்னத்தைச் சட்டத்தில் வைத்து அழுத்தினாள். கண்ணாடியின் கால் மெல்ல வெளிப்பக்கமாகப் பிதுங்கியது.